ஆற்று நீரில் பறவைக்கும் பங்கு உண்டு

காட்டேரிக்குப்பம் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். ராத்திரியில் அந்தப் பக்கம் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. புதுவைக்கு வடமேற்கே மண்ணாடிப்பட்டுக் கொம்யூனில் உள்ள அந்தக் கிராமத்தில் பயப்படும்படியான விஷயம் எதுவும் இல்லை. நெல் வயலும் கரும்புக் கொல்லையுமாக உள்ள சாதாரண ஊர்தான். அங்குள்ள குடியானவர்களைப் பயமுறுத்துவது பேய் பிசாசு அல்ல, வானம். ஐப்பசி கார்த்திகையில் மழை பொய்த்துப் போனாலும் பயம். ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தாலும் பயம்.

இந்த ஊருக்குப் பக்கத்திலேயே சுத்துக்கேணி இருக்கிறது. செஞ்சி மலைப் பக்கம் பிறந்து வரும் சங்கராபரணி ஆற்றிலிருந்து அங்கே ஒரு வாய்க்கால் பிரிகிறது. இந்த ஆற்றுக்கு வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் வேறு பெயர்கள் உண்டு. வாய்க்கால் போய்ச் சேருமிடம் ஊசுடு ஏரி. ஊசுட்டேரி என்று ஜனங்கள் சேர்த்தே சொல்லுவார்கள். புதுவைப் பிரதேசத்திலுள்ள 84 ஏரிகளில் இதுதான் பெரியது. பாகூர் ஏரி இதற்கு அடுத்தது. நிரம்பி நிற்கும்போது சுமார் 800 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 2,000 ஏக்கர் பரப்பு. கரையில் நின்று பார்த்தால் சமுத்திரக் கரையில் நிற்பதுபோல் இருக்கும்.

ஆற்றுக்கு மேலே, விழுப்புரம் ஜில்லாவில் வீடூர் அணை இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958–59-ல் கட்டியது. நீர் மட்டம் 32 அடி. கொள்ளளவு 60 கோடியே 50 லட்சம் கன அடி. மேட்டூரையும் பவானிசாகரையும் பார்த்தவர்களுக்கு இது ஒரு குட்டி அணையாகத் தோன்றும். ஆனால் அதன் ஆயக்கட்டுக் கணக்கில் ஓர் அருமையான விஷயம் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2,200 ஏக்கர், புதுவையில் 1,000 ஏக்கர் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். அணை கட்டிய சமயத்தில் புதுவை சட்டப்படி இந்தியாவோடு முழுதும் சேர்ந்திருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டது 1954 நவம்பரில். சட்டபூர்வமாக ஒப்படைத்தது 1962 ஆகஸ்டில். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில், தஸ்தாவேஜு முடியட்டும் என்று காத்திராமல், அடுத்த வீட்டுக்காரனின் வயலையும் தன் வயலோடு சேர்த்துக் கணக்குப் பண்ணினார்கள். அந்தப் பெருந்தன்மையை இன்றைக்கும் நினைவு வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. தமிழ்நாட்டுக் குடியானவனுக்கு இவ்வளவு, புதுவைக் குடியானவனுக்கு இவ்வளவு என்று எழுதினார்கள். ஊசுட்டேரியில் வந்து இறங்கும் பறவைக்கு எவ்வளவு என்று யாரும் எழுதவில்லை. அந்தக் காலத்தில் எந்த தேசத்திலும் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊசுட்டேரி எவ்வளவு பழையது என்பதற்கு ஊரில் கதைகள் பல உண்டு. ஆயி என்ற தாசியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. விஜயநகர மன்னர் ஒருவர் அவளுடைய மாளிகையின் விளக்கொளியைக் கண்டு கோயில் என்று கருதிக் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபம் வந்து மாளிகையை இடிக்கச் சொன்னாராம். அவளோ தானே இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஜனங்களுக்காகக் குளம் வெட்டினாளாம். அது முத்திரையர்பாளையத்தில் இருக்கிறது. பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், அங்கிருந்துதான் புதுவை நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். நகரின் நடுவே பூங்காவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் அதன் ஞாபகார்த்தம். கதை எவ்வளவு தூரம் நிஜமோ, நகரத்தின் தாகத்தை அதன் மேற்கேயுள்ள ஏரிப் பிரதேசம்தான் தீர்த்து வந்திருக்கிறது என்பது நிஜம். இன்று கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. ஊசுட்டேரியில் நிற்கும் தண்ணீர் நிலத்தடியில் இறங்கி, உப்பை எதிர்த்துத் தள்ளி நிற்பதும் நகரத்துக்குச் செய்யும் உபகாரந்தான்.

ஏரி நிரம்பினால் பிடிப்பது சுமார் 54 கோடி கன அடி. வீடூர் அணையின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சிமெண்டும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டிய அணையும், மண்ணைக் கொத்திக் கரை போட்ட பழைய ஏரியும் ஏறக்குறைய ஒரே அளவு. அணையிலோ வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைந்திருக்கிறது. முன்னோர்கள் ஏரி வெட்டியது விளையாட்டுக்கு அல்ல.

மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது ஊசுட்டேரிக்கு விருந்தாளிகள் வந்து சேருவார்கள். இமயத்துக்கு அப்பால், மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் ஊசிவால் வாத்துகள், நீலச்சிறகிகள், தட்டைவாயன்கள் கூட்டங் கூட்டமாக வரும். பூநாரை நீண்ட கால்களுடன் ஆழம் குறைந்த இடங்களில் நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டித் தின்னும். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் எல்லாம் உண்டு. கூழைக்கடாவும் உண்டு. கூழைக்கடா தென்னாசியாவில் முன்பு எங்கும் காணப்பட்டது. குறைந்து கொண்டே வந்து, இப்போது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் ஆபத்தை நெருங்கிய இனமாக நிற்கிறது.

இந்தப் பறவைகளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டால், பறவை நிபுணர்கள் கன அடிக் கணக்குச் சொல்ல மாட்டார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு ஆழம் என்றுதான் சொல்லுவார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் பிடிக்க ஆழம் வேண்டும். பூநாரைக்கு முழங்கால் ஆழத்துக்கு மேல் பிரயோஜனமில்லை. உள்ளான்களுக்குத் தண்ணீர் வற்றிய ஈரச் சேறு வேண்டும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்த் தாவரங்களை வைத்துக் கூடு கட்டுகின்றன. முட்டையிட்டு அடைகாக்கும்போது தண்ணீர் திடீரென்று இறங்கினால் நாய்க்கும் நரிக்கும் கொண்டாட்டம், திடீரென்று ஏறினால் முட்டை தண்ணீரில். கார்த்திகையில் நிறைந்து, தை மாசியில் பாசனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சித்திரையில் ஓரங்களில் சேறு தெரிந்து, மறுபடி மழைக்கு நிறையும் ஏரிதான் அவற்றுக்கு ஏற்ற வீடு. இதையே வேறு விதமாகவும் சொல்லலாம். குடியானவன் ஒழுங்காகப் பயிர் செய்யும் ஏரிதான் பறவைக்கும் ஏற்ற ஏரி.

இதைத் தமிழ்நாட்டுக் குடியானவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேடந்தாங்கல் ஜனங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கும்பினியாரின் கலெக்டரிடம் போய், சோல்ஜர்கள் எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள், நிறுத்துங்கள் என்று முறையிட்டு, எழுத்து மூலம் உத்தரவும் வாங்கிக்கொண்டார்கள். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவையின் மேல் அன்பும் உண்டு, மகசூல் கணக்கும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்ததில் தவறேதும் இல்லை.

அப்படியானால் தகராறு எங்கே வருகிறது? மேலே கதவைத் திறப்பவரும் கீழே தண்ணீரை வாங்குபவரும் வேறு வேறு சர்க்காராக இருப்பதில் வருகிறது. ஏரியே இரண்டு துண்டு. 390 ஹெக்டேர் புதுவையில்; மிச்சம் தமிழ்நாட்டில். புதுவை தன் பாகத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2008-ல். தமிழ்நாடு தன் பாகத்தை அறிவித்தது 2015-ல். ஒரே தண்ணீரில் நீந்தும் வாத்து ஏழு ஆண்டுகளுக்கு இந்தக் கரையில் அரசாங்க விருந்தாளி, அந்தக் கரையில் சாதாரண வாத்து! இப்போது இருபுறமும் சரணாலயந்தான். ஆனால் சரணாலயம் என்று பலகை நட்டால் போதாது. சரணாலயத்துக்குள் வேட்டையைத் தடுக்கலாம், குப்பையைத் தடுக்கலாம், கரையோரத்தில் கட்டடம் எழும்புவதைத் தடுக்கலாம். ஏரிக்கு உயிர் கொடுக்கும் தண்ணீரோ பல மைலுக்கு அப்பாலிருந்து வருகிறது. சரணாலயச் சட்டத்தின் கை அத்தனை தூரம் நீளுவதில்லை.

அணைக்கட்டுகளைக் குறை சொல்வது இப்போது சிலருக்கு நாகரிகமாகிவிட்டது. அது சரியல்ல. பைக்காராவில் 1932-ல் மின்சாரம் பிறந்திராவிட்டால் கோயம்புத்தூர் மில்கள் அப்படி வளர்ந்திருக்குமா? 1934-ல் மேட்டூர் எழுந்ததால்தான் காவிரிப் பாசனத்துக்கு ஒரு நிதானம் கிடைத்தது. அணையின் நன்மையை அனுபவித்துக்கொண்டே அணையை வைவதில் நியாயமில்லை. ஆனால் நன்மைக்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்பது வேறு. உல்லம் மீன் கடலிலிருந்து காவிரியில் எதிர்நீச்சல் போட்டு ஏறி முட்டையிடும். மேட்டூருக்குப் பிறகு அந்த மீன்பிடிப்பு சரிந்துபோயிற்று. அந்த மீனுக்காக ஒரு வார்த்தை பேச அன்று யாரும் இல்லை.

நீர்மின் நிலையங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. மாலையில் வீடெல்லாம் விளக்கேற்றும் நேரத்தில் மின்சாரத் தேவை ஏறும்; உடனே சக்கரங்களைச் சுழலவிடுவார்கள்; ஆறு பெருகும். நடுநிசியில் நிறுத்துவார்கள், ஆறு வடியும். ஆண்டில் ஒரு முறை ஏறி இறங்கிய ஆறு, தினம் ஒரு முறை ஏறி இறங்கும். கரையோரப் பள்ளத்தில் முட்டையிட்ட மீன் என்ன செய்யும்? காவிரியிலும் மோயாற்றிலும் வாழும் திமில் மஹ்சீர் என்ற ராட்சதக் கெண்டை ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. அது எந்த இனம் என்று விஞ்ஞானிகள் 2018-ல்தான் நிச்சயப்படுத்தினார்கள். அதே ஆண்டில் அது மிக அபாயத்திலுள்ள இனம் என்று பட்டியலிலும் ஏறிவிட்டது. பெயர் சூட்டலும் அபாயச் சங்கும் ஒரே ஆண்டில்!

நம் நாட்டில் ஒரு மின்சார அணையை வேண்டாமென்று நிறுத்தியதும் உண்டு. நீலகிரிக்குத் தென்மேற்கே, கேரளத்துப் பாலக்காடு ஜில்லாவில் அமைதிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஓடும் குந்திப்புழாவின் குறுக்கே 131 மீட்டர் உயரத்தில் அணை எழுப்பி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டக் கமிஷன் 1973-ல் சம்மதித்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கும். மலபாருக்கு மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுடைய தேவை நிஜமானது. ஆனால் அந்தக் காட்டில் சிங்கவால் குரங்கு இருந்தது. மரத்துக்கு மரம் தாவியே ஜீவிக்கும் பிராணி அது. தரையில் இறங்கி வெட்டவெளியைக் கடக்க அதற்கு மனம் வராது. காட்டை நடுவில் அறுத்தால் கூட்டம் இரண்டாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இயற்கையில் கிடையாது.

குரங்கா, மனிதனா என்று மேடைகளில் கேட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய்க் கணக்கை விளக்கிற்று. கவிஞர் சுகதகுமாரி பாட்டெழுதினார். பறவை நிபுணர் சாலிம் அலி வேண்டாமென்று எழுதினார். கும்பகோணத்தில் பிறந்த விவசாய விஞ்ஞானி எம். எஸ். சுவாமிநாதன் நேரில் பார்த்துவிட்டுக் காட்டைக் காப்பாற்றச் சொன்னார். பிறகு எம். ஜி. கே. மேனன் தலைமையில் குழு போட்டு ஆராய்ந்தார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா ஆயிற்று. பத்து வருஷ வாதத்தில் வெற்றி பெற்றது குரங்கு மட்டுமல்ல. அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே என்னென்ன ஜீவன்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்ற வழக்கமே அதற்குப் பிறகுதான் இந்நாட்டில் வேரூன்றிற்று.

அமெரிக்காவில் நடந்த கதை இவ்வளவு சுத்தமாக முடியவில்லை. டென்னஸி மாகாணத்தில் டெல்லிகோ அணை எழும்பிக்கொண்டிருந்த சமயம், 1973-ல், அந்த ஆற்றில் விரல் நீளமுள்ள ஒரு மீனைக் கண்டுபிடித்தார்கள். நத்தை தின்னும் மீன். அணையை மூடினால் அது அழிந்துவிடும் என்று வழக்குப் போட்டார்கள்; 1978-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆமாம் என்று சொல்லி அணையை நிறுத்திற்று. அடுத்த ஆண்டே பார்லிமெண்ட் விதிவிலக்குச் சட்டம் செய்து அணையை மூடிவிட்டது. மீனை வேறு ஆறுகளில் விட்டுப் பிழைக்க வைத்தார்கள். 2022-ல் அபாயப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். 2025-ல் ஒரு ஆராய்ச்சி வந்து, அது தனி இனமே அல்ல, ஏற்கெனவே தெரிந்த இன்னொரு மீன்தான் என்று சொல்லிற்று! விஞ்ஞானமும் சில சமயம் வழுக்கும் என்பதற்காகச் சைனாவின் கதையை மறந்துவிடலாகாது. யாங்சி ஆற்றில் 1981-ல் எழுந்த கெஜோபா அணை, முட்டையிட மேலே போகும் துடுப்பு மூக்கு மீனின் வழியை அடைத்தது. கடைசியாக ஒன்றைக் கண்டது 2003-ல்; அந்த இனம் அற்றுப்போயிற்று என்று 2022-ல் அறிவித்தார்கள். பல கோடி ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த பரம்பரை அது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

காட்டேரிக்குப்பத்துப் பிரச்னை இவற்றைப் போலப் பெரிதல்ல. இங்கே அணையை இடிக்கச் சொல்லவும் இல்லை, கட்ட வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கதவு இருக்கிறது, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் கேள்வி. ஆனால் அந்தச் சின்னக் கேள்வியில் மனித உயிரும் அடங்கியிருப்பதை 2024-ம் ஆண்டு காட்டிவிட்டது. நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. சங்கராபரணி கரைபுரண்டது. டிசம்பர் 2-ந் தேதி அதிகாலையில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களோடு பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களும் வெள்ளத்தில் மிதந்தன. சாத்தனூரிலும் ஒரு சிறிய மின்நிலையம் உண்டு, 7.5 மெகாவாட். அணை உடையாமல் காப்பதற்காகத் திறந்தார்கள், அது கடமை. ஆனால் கீழேயிருந்தவர்களுக்கு எத்தனை மணி முன்னதாகத் தெரிந்தது என்ற கேள்வி தண்ணீரோடு வடிந்து போய்விடக் கூடாது.

வெள்ளத்தைச் சமாளிக்கவும் ஏரிதான் துணை. கார்த்திகை ஆரம்பத்தில் வீடூரில் நீர் ஏறும்போதே சுத்துக்கேணி வாய்க்காலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஊசுட்டேரியை நிரப்பி வந்தால், பெருவெள்ள நாளில் ஆற்றின் வேகம் சற்றேனும் குறையும். ஏரிக்கும் காலத்தில் தண்ணீர் கிடைக்கும். வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் இது நடக்காது. மழைக்கு ஒரு மாதம் முன்பே தூர் வாரி முடிப்பதென்பது புதிய யோசனையல்ல. குடிமராமத்து என்று தாத்தா காலத்திலேயே செய்தார்கள். ஐரோப்பியக் கூட்டமைப்பின் உதவியோடு 1999-ல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் புதுவையின் ஏரிகளுக்கெல்லாம் பாசனக்காரர் சங்கங்கள் ஏற்பட்டன. அந்தச் சங்கங்களை மறுபடி கூட்டி வைத்து, வாய்க்காலை அவர்கள் பொறுப்பில் விடுவதே சிலாக்கியம். காண்டிராக்டர் வருவார், போவார். வயல்காரன் எங்கே போவான்?

இன்னொரு காரியத்தை இரண்டு சர்க்கார்களும் சேர்ந்துதான் செய்ய முடியும். வீடூர் ஆயக்கட்டுக்கு ஏக்கர் கணக்கு எழுதியதுபோல, ஊசுட்டேரிக்கு மாதக் கணக்கு எழுத வேண்டும். மார்கழியில் இத்தனை அடி, மாசியில் இத்தனை அடி, பங்குனியில் இதற்குக் கீழே இறக்கலாகாது என்று ஒரு அட்டவணை. குடிநீருக்கென்று ஏரியை ஆண்டு முழுதும் தளும்ப வைத்திருக்கவும் கூடாது. கடைசிச் சொட்டு வரை உறிஞ்சவும் கூடாது. மழை குறைந்த ஆண்டில் யாருக்கு எத்தனை வெட்டு என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பஞ்ச காலத்தில் உட்கார்ந்து பேசினால் கூச்சல் போடத் தெரிந்தவனுக்குத்தான் தண்ணீர் கிடைக்கும். கூழைக்கடாவுக்குக் கூச்சல் போடவும் தெரியாது, மனுக் கொடுக்கவும் தெரியாது. சொல்லப்போனால் கடைமடைக் குடியானவனின் குரலும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

இதற்குக் கோடிகள் செலவாகும் என்று யாரும் மலைக்க வேண்டாம். இரண்டு பக்கத்துப் பொதுப்பணித்துறை இஞ்சினீயர்களும் வனத்துறை அதிகாரிகளும் பாசனக்காரர்களும் மழைக்கு முன் ஒரு நாளும் மழைக்குப் பின் ஒரு நாளும் உட்கார்ந்து பேசினால் அட்டவணை வந்துவிடும். அதற்கு முன்னாலேயே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. வீடூரில் இன்று எத்தனை அடி, சுத்துக்கேணி வாய்க்காலில் எத்தனை அடி, ஊசுட்டில் எத்தனை அடி என்று மூன்று எண்களைக் காட்டேரிக்குப்பத்திலும் வாய்க்கால் வழியிலுள்ள மற்ற ஊர்களிலும் தினம் காலையில் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். அதற்கு ஒரு சாக்குக்கட்டி போதும்.